வினோதமான இரும்புக்கும் ஒரு காரணம் உண்டு

பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் விளையும் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துச் சில ஆண்டுகளாகின்றன. கோடைக்கானலிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் சாலையோரக் கடையில் வண்டியை நிறுத்தி, இது மலைப்பூண்டுதானா, சமவெளிப் பூண்டு கலந்ததா என்று கேட்பதை அடிக்கடி காண்கிறேன். ஐயம் நியாயமானதே. ஆனால் அதற்கு ஆயுள் குறைவு. வீட்டுக்குப் போய் நான்கு பற்களை உரித்து நசுக்கினால் காரமும் மணமும் உண்மையைச் சொல்லிவிடும். இவ்வாறு பயன்படுத்திப் பார்த்துத் தரம் அறியக்கூடிய பொருள்களைத் தனி வகையாகப் பிரித்து 1970-இல் எழுதியவர் பொருளியலாளர் ஃபிலிப் நெல்சன். மூன்று ஆண்டுகள் கழித்து டார்பி, கார்னி என்ற இருவர் அதோடு இன்னொரு வகையைச் சேர்த்தனர். வாங்கிப் பயன்படுத்திய பிறகும் தரம் தெரியாத பொருள்கள் அவை. குடல்வால் அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவைப்பட்டதா என்பது அறுத்த பிறகும் நோயாளிக்குத் தெரியாது. விற்பவரின் சொல்லே அங்கு பண்டம்.

இந்த இரண்டாம் வகைக்கு நான் கண்ட மிகத் தூய உதாரணம், பழைய படைத்துப்பாக்கிகளின் அபூர்வமான உதிரிப் பாகம். அதை வாங்குபவர் துப்பாக்கியில் பொருத்திச் சுடப் போவதில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் வைப்பார். அசலும் போலியும் ஐம்பது ஆண்டுகள் அங்கே ஒரே மாதிரி நடந்துகொள்ளும். பூம்பாறைக் குழந்தை வேலப்பர் திருமேனியைப் போகர் செய்தார் என்பது இவ்வூரின் நம்பிக்கை. அது சந்தைக்கு வராத பொருள் என்பதால் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. விலை என்று ஒன்று வரும்போதுதான் 'உண்மையானதா' என்ற கேள்வியும் வருகிறது.

சென்ற ஆண்டு இவ்வூர் இளைஞர் ஒருவர் என்னிடம் ஓர் இரும்புத் தகட்டைக் கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவு. அரைவட்டமாகச் சில எண்கள், அவற்றின் மீது நகரும் ஒரு சுட்டி. முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய் ஒருவரின் துப்பாக்கியில் இருந்த அபூர்வமான குறிபார்க்கும் கருவி என்று சொல்லி, சமவெளியில் ஒரு பழம்பொருள் வியாபாரி 18,000 ரூபாய் கேட்டிருக்கிறார். இளைஞர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு வாங்கிவந்திருந்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தப் போருக்குச் சென்று திரும்பியவர். வீட்டில் அவருடைய பதக்கம் இருக்கிறது. அதோடு இதையும் சேர்த்துச் சட்டம் போட வேண்டும் என்பது ஆசை. "கொள்ளுத்தாத்தா கை பட்டதாகவே இருக்கலாம் ஐயா" என்றார். பொருளியல் பேராசிரியனிடம் இதை ஏன் கொண்டுவந்தார் என்றால், பழம்பொருள் சந்தைகளின் விலை பற்றி நான் ஓரிரு கட்டுரைகள் எழுதியிருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். உலோகவியல் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பொருள் ஏன் செய்யப்பட்டது, யார் அதற்குப் பணம் கொடுத்தார் என்று கேட்பது என் தொழில். இந்தத் துறையில் அந்தக் கேள்வி வியக்கத்தக்க தூரம் அழைத்துச் செல்கிறது.

வியாபாரி சொன்னபடி அந்தத் தகடு எந்தத் துப்பாக்கிக்கு உரியது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. நம் காவல்துறையின் தோளில் நெடுங்காலம் தொங்கியதும், கல்லூரி என்.சி.சி.யில் அணிவகுத்தவர்களுக்கு நன்கு தெரிந்ததுமான 'த்ரீ நாட் த்ரீ', அதாவது .303 லீ-என்ஃபீல்டு. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020 குடியரசு நாளில்தான். அதன் மூன்றாம் வடிவம் 1907-இல் பிரிட்டிஷ் படையில் அறிமுகமானது. அப்போது அதன் இடப்பக்கத்தில் 'வாலி சைட்' என்ற தொலைதூரக் குறிபார்ப்பான் இருந்தது. 2,000 கஜத்துக்கும் அப்பால் நிற்கும் எதிரிக் கூட்டத்தின் மீது ஒரு படைப்பிரிவே ஒருசேரச் சுடுவதற்கான ஏற்பாடு. பதுங்குகுழிப் போரில் அதற்கு வேலை இருக்கவில்லை. 1916-இல் உற்பத்தியை விரைவுபடுத்த அதையும், தோட்டா அறையை மூடிவைக்கும் தகட்டையும், இன்னும் சிலவற்றையும் நீக்கிவிட்டு ஒரு சிக்கன வடிவத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். ஏற்கெனவே செய்த துப்பாக்கிகளும் பழுதுக்கு வந்தபோது இந்தப் பாகங்கள் கழற்றி எறியப்பட்டன. எறியப்பட்டதால் அரிதாயிற்று. அரிதானதால் விலை ஏறிற்று. விலை ஏறியதால் மறுபடி செய்யப்படுகிறது.

இங்கே ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். படைத்துப்பாக்கியை வாங்குவது அரசாங்கம். அரசாங்கம் ஆயிரக்கணக்கில் வாங்கும், மாதிரி ஒன்றுக்கு முத்திரை வைத்து அதன்படி வாங்கும், கோப்பு எழுதி வாங்கும். ஆகவே ஒரு துப்பாக்கியில் விநோதமான பாகம் ஒன்று இருந்தால், அதன் பின்னால் ஒரு பற்றாக்குறையோ அச்சமோ சிக்கனமோ இருந்தாக வேண்டும். அசலான விநோதத்துக்குக் காரணம் உண்டு. போலியான விநோதத்தின் ஒரே காரணம், அதை வாங்கப் போகிறவர்.

இந்தியாவின் வரலாறு இதற்குச் சான்றுகளைக் குவித்துவைத்திருக்கிறது. 1857 கிளர்ச்சியின் பொறி என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா என்பது பள்ளிப் பாடம். அதன் பிறகு நடந்தது பாடத்தில் வருவதில்லை. என்ஃபீல்டு குழலுக்குள் இருக்கும் சுருள் வரிகள்தான் குண்டைச் சுழலவைத்து நெடுந்தூரம் குறிதவறாமல் செலுத்துபவை. கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று அந்த வரிகள் இல்லாத, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட என்ஃபீல்டுகள் வழங்கப்பட்டன. வெளித்தோற்றம் அதே, தாக்கும் திறன் ஒரு தலைமுறை பின்தங்கியது. வெள்ளையர் கையில் இருப்பதைவிடச் சிப்பாயின் கையில் இருப்பது மட்டமாக இருக்க வேண்டும் என்ற கொள்கை இரும்பில் கடையப்பட்டிருந்தது. இன்று இத்தகைய குழலைக் காணும் புதிய சேகரிப்பாளர், 'வரி இல்லை, யாரோ துளைத்துக் கெடுத்திருக்கிறார்கள்' என்று ஒதுக்கிவிடக்கூடும். அவர் ஒதுக்குவது அந்தக் காலத்தின் மிக நேர்மையான சாட்சியங்களில் ஒன்றை.

அதே அச்சம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் உள்ள ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 1904-இல் நிறுவப்பட்டது. அங்கே .303 துப்பாக்கிகள் .410 அளவுள்ள வழவழப்பான குழல் கொண்ட மஸ்கட்டுகளாக மாற்றப்பட்டன. தோட்டா அறையில் மரக்கட்டையை அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவே போட முடியும்படி செய்தார்கள். காவலர்களுக்கும் காவல்பணியில் உள்ளவர்களுக்கும் இவை போயின. பறிபோனாலும் பறித்தவனுக்குப் பெரிய பயன் இருக்கக் கூடாது. ஒரு போர்த்துப்பாக்கியின் வயிற்றில் மரத்துண்டு! பார்த்த மாத்திரத்தில் ஏதோ உள்ளூர்த் தச்சரின் கைவேலை என்று தோன்றும். அரசாங்கத்தின் கைவேலை அது.

பற்றாக்குறையும் சிக்கனமும் விட்டுச்சென்ற தடயங்களும் உண்டு. ஈஷாப்பூர் துப்பாக்கிகள் பலவற்றில் விசைக்காவலுக்கு முன்பாக மரக்கட்டையின் குறுக்கே ஒரு திருகு செல்லும். பிரிட்டனில் செய்தவற்றில் அது கிடையாது. கட்டை பிளந்துவிடாமல் இறுக்கிப் பிடிப்பதற்காக இங்கே சேர்த்தது. சேகரிப்பாளர்கள் அதற்கு 'ஈஷாப்பூர் திருகு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1962 சீனப் போர் நம் படைக்கலக் குறைபாட்டை வெளிப்படுத்திய பிறகு, அதே பழைய வடிவத்தை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ப வலுவான எஃகில் புதிதாகச் செய்தார்கள். 2ஏ என்றும், பின்னர் 2ஏ1 என்றும் பெயர். முதல் வடிவத்தில் குறிபார்ப்பானின் அளவு 2,000 மீட்டர் வரை போயிற்று. அவ்வளவு தூரம் யாரும் சுடுவதில்லை என்று தெரிந்ததால் அடுத்ததில் 800 மீட்டரோடு நிறுத்தினார்கள். 1907-இன் வடிவில் 1960-களின் ஆண்டெண் பொறித்த துப்பாக்கியைக் கண்டால் முதலில் ஐயம்தான் வரும். காரணம் தெரிந்தவுடன் ஐயம் விலகும்.

இனி மறுபக்கம். இரண்டாம் உலகப் போரின் முடிவில், காட்டுப் போருக்காக 'ஜங்கிள் கார்பைன்' என்று பின்னர் பெயர்பெற்ற குட்டையான லீ-என்ஃபீல்டு ஒன்று 1944 முதல் 1947 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. ஏறத்தாழ 1 கிலோ எடையைக் குறைக்க, குழலின் அடிப்பகுதியிலும் உடற்பகுதியிலும் கண்ணுக்கு எளிதில் படாத இடங்களிலெல்லாம் இரும்பைச் சீவி எடுத்தார்கள். போல்ட்டின் கைப்பிடி உருண்டையையும் குடைந்தார்கள். அந்தப் பெயருக்கு அமெரிக்கச் சந்தையில் மவுசு ஏறியபோது, அங்குள்ள இறக்குமதியாளர்கள் சாதாரண லீ-என்ஃபீல்டுகளையும் நம் ஈஷாப்பூர் 2ஏ1-களையும் குறுக்கி, முனையில் ஒரு கூம்பை மாட்டி, அதே பெயரால் விற்றார்கள். பலரும் அதை மறைக்காமலே விற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கைமாறிக் கைமாறி இன்று அவை 'இந்தியப் படையின் அரிய கார்பைன்' என்று அறிமுகமாகின்றன. கூம்பு எல்லாவற்றிலும் இருக்கிறது. சீவி எடுத்த பள்ளங்கள் இல்லை. எடையைக் குறைக்க வேண்டிய கவலை படைக்கு இருந்தது. அமெரிக்க வியாபாரிக்கு இருக்கவில்லை.

பெஷாவருக்குத் தெற்கேயுள்ள தர்ரா ஆதம் கேல் என்ற ஊரின் கதை இன்னும் சுவையானது. தலைமுறை தலைமுறையாக அங்குள்ள கொல்லர்கள் பிரிட்டிஷ் துப்பாக்கிகளைக் கையாலேயே நகலெடுக்கிறார்கள். ஆங்கிலம் அறியாத கை முத்திரையைப் படமாகவே பார்த்து வெட்டுகிறது. ஆகவே 'என்ஃபீல்டு' என்ற சொல்லின் இரண்டாம் எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்கும். 1901-இல் மறைந்த விக்டோரியா அரசியின் முத்திரைக்குக் கீழே அதற்குப் பிந்தைய ஆண்டெண் இருக்கும். ஆப்கானிஸ்தானுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் இவற்றை மூட்டை மூட்டையாக நினைவுப் பொருள்களாக வாங்கிச் சென்றார்கள். தொடக்கத்தில் அந்தக் கொல்லர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சுடுவதற்குத்தான் செய்தார்கள், முத்திரை அவர்களுக்கு அலங்காரம். வாங்குபவர் மாறியபோது அதே அலங்காரம் பொய்யாகிவிட்டது.

போலி செய்பவரின் கணக்கையும் பார்ப்போம். அவருக்கும் உழைப்புக்குச் செலவு உண்டு. வாங்குபவரின் கண் எங்கே போகுமோ அங்கே அந்த உழைப்பைச் செலவிடுவார். முத்திரை, ஆண்டெண், மேற்பரப்பின் பழுப்பு ஆகியவற்றில் கவனம் செலுத்துவார். பின்புறம், துளையின் உட்சுவர், திருகின் மரை ஆகியவற்றில் செலவிட்டால் அவருக்கு லாபம் குறையும். ஆகவே சோதிப்பவர் முகப்பைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

பழைய தொழிற்சாலைகளில் எழுத்துகளை எஃகு அச்சால் அடித்துப் பொறித்தார்கள். அடிபட்ட இரும்பு விலகி, எழுத்தின் ஓரத்தில் மெல்லிய வரம்பாக எழும்பும். கையாளக் கையாள அந்த வரம்பு தேயும். ஆழம் எழுத்துக்கு எழுத்து சற்று மாறும், ஏனெனில் சுத்தியல் அடி ஒரே சீராக விழுவதில்லை. இன்று கணினி இயந்திரத்தாலோ லேசர் கதிராலோ வெட்டினால் பள்ளத்தின் அடி தட்டையாக, எங்கும் ஒரே ஆழத்தில் இருக்கும், வரம்பு எழும்பாது. அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த பாகம் என்றால் வேறொரு தடயம் உண்டு. உருகிய எஃகு குளிரும்போது சுருங்கும். அதனால் நகல் அசலைவிட நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சிறுத்துவிடும். அளவுமானியை வைத்தால் தெரியும். மேற்பரப்பில் ஊசிமுனை போன்ற நுண்துளைகளும், அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடும் இருக்கலாம்.

தேய்மானம் ஒரு கதை சொல்ல வேண்டும். நகரும் பாகம் நகரும் இடத்தில் தேய்ந்திருக்கும். கை படும் விளிம்பு மழுங்கியிருக்கும். மூலையிலும் திருகின் அடியிலும் பழைய பூச்சு மிஞ்சியிருக்கும். போலியில் எல்லா இடமும் ஒரே அளவு முதுமை அடைந்திருக்கும். அமிலத்தில் முக்கியெடுத்த துரு செம்மஞ்சளாக, சீராக இருக்கும். நூறாண்டுத் துரு கருத்து இறுகி, ஆழம் ஆழமாகத் தின்றிருக்கும். பூச்சுக்கு அடியில் அரிப்புக் குழிகள் தெரிந்தால், துருப்பிடித்த ஏதோவொரு இரும்பைத் தேய்த்துப் புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். திருகுகள் பற்றி ஒரு சொல்: பழைய பிரிட்டிஷ் பட்டறைகளின் விட்வொர்த் மரை 55 பாகைக் கோணம் கொண்டது, இன்று கடையில் கிடைக்கும் மெட்ரிக் மரை 60 பாகை. நல்ல லேத் பட்டறை எதிலும் மரை அளக்கும் சீப்பு உண்டு. இரண்டு நிமிட வேலை. திருகு மட்டும் பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் அது ஒன்றையே தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது.

முத்திரைகளைப் படிக்கவும் வேண்டும். அம்புக்குறி அரசுடைமையின் அடையாளம். அதன்கீழ் ஆங்கில 'ஐ' எழுத்து இருந்தால் இந்திய அரசின் உடைமை. ஈஷாப்பூரில் செய்தவற்றில் கிரீடத்தின் கீழ் 'ஜி.ஆர்.ஐ.' என்றிருக்கும், மன்னர் ஜார்ஜ் இந்தியாவின் பேரரசரும் ஆவார் என்பதைக் கடைசி எழுத்து சொல்கிறது. பிரிட்டனில் செய்தவற்றில் 'ஜி.ஆர்.' மட்டுமே. பின்னர் கிரீடத்தின் இடத்துக்கு அசோகரின் சிங்கம் வந்தது. உடற்பகுதியில் உள்ள தொடர் எண்ணே போல்ட்டிலும் முனைக்கவசத்திலும் குறிபார்ப்பானிலும் மறுபடி வரும். போல்ட்டுக்கு எண் இடுவது சடங்கல்ல. ஒரு துப்பாக்கியின் போல்ட்டை அளந்து பார்க்காமல் இன்னொன்றில் போட்டால் சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து வரலாம். பழுதின்போது பாகம் மாறினால் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை இடுவார்கள். ஆகவே அடித்தல் திருத்தல் உள்ள துப்பாக்கி, திருத்தமே இல்லாததைவிட நம்பகமாக இருக்கக்கூடும். பள்ளிக் கணக்கு நோட்டிலும் அப்படித்தான்.

'எல்லாப் பாகமும் ஒரே நாளில் பிறந்திருந்தால்தான் அசல்' என்ற எண்ணம் இந்தியாவுக்குப் பொருந்தாது. இங்கிலாந்தில் 1915-இல் பிறந்த துப்பாக்கி, ஈஷாப்பூரில் புதுக் குழலும் புதுக் கட்டையும் பெற்று, பின்னர் பயிற்சித் துப்பாக்கியாகத் துளையிடப்பட்டு, கடைசியில் ஏதோவொரு கல்லூரியில் முடிந்திருக்கும். அந்தக் கலவையே அதன் அசல். தஞ்சை அரண்மனைப் படைக்கலச் சாலையில் ஐரோப்பிய வாளின் அலகைத் தமிழகக் கைப்பிடியில் பொருத்திய ஆயுதங்கள் ஏராளமாக இருந்தன. அவற்றைக் கலப்படம் என்று எந்த அருங்காட்சியகமும் சொல்வதில்லை. அந்தச் சாலைக்கு நேர்ந்த கதியும் நினைக்கத் தக்கது. 1855-இல் மராத்திய அரசு முடிவுற்றபின், 1860-களில் சென்னை அருங்காட்சியகத்துக்கென்று சில தெரிந்தெடுக்கப்பட்டன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. அப்போது இங்கே பணியாற்றிய வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1878-இல் 'இந்தியன் ஆண்டிக்குவரி' இதழில் அதைப் பற்றி எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது.

அரியது என்ற சொல்லையும் எளிதில் நம்பக் கூடாது. நேபாளத்தில் ககேந்திர ஷம்ஷேர் ராணா வடிவமைத்த துப்பாக்கி ஒன்று உண்டு. வெளியே பார்க்க பிரிட்டனின் மார்ட்டினி-ஹென்றி போலவே இருக்கும். உள் இயக்கம் வேறு. நெடுங்காலம் மேற்கத்தியச் சேகரிப்பாளர் பலர் அதைக் கண்ணால் கண்டதில்லை. 2003-இல் அமெரிக்க நிறுவனங்கள் இரண்டு காத்மாண்டுவின் பழைய அரண்மனைக் கிடங்கு ஒன்றை மொத்தமாக விலைக்கு வாங்கின. ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. நேற்றுவரை கட்டுக்கதைபோல இருந்த பொருள் இன்று அஞ்சல் வழி வாங்கும் பொருளாயிற்று. ஒரு பாகம் அரிதாக இருப்பது சில வேளைகளில் உலகில் அது குறைவாக இருப்பதால். சில வேளைகளில் ஏதோவொரு கிடங்கின் பூட்டு இன்னும் திறக்கப்படாததால்.

இவ்வளவு சோதனைக்குப் பிறகும் மிஞ்சுவது, பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற கேள்வி. 2023 மே மாதம் திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் லண்டனில் பானம்ஸ் ஏலத்தில் சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. ஸ்ரீரங்கப்பட்டினத் தாக்குதலை நடத்திய தளபதி டேவிட் பெயர்டிடம் அந்த வாள் அளிக்கப்பட்டதிலிருந்து வரும் சங்கிலியும் சேர்ந்துதான் அந்த விலை. நம் திண்டுக்கல்லுக்கும் இதில் உரிமை உண்டு. 1755-இல் அங்கே ஃபௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஒரு படைக்கலச் சாலை அமைத்தார். அதனாலேயே இப்பகுதியில் எங்கே ஒரு பழைய குழல் கிடைத்தாலும் 'திப்பு துப்பாக்கி' என்று சொல்லிவிடுகிறார்கள். திப்பு ஏற்படுத்திய மௌலூதி ஆண்டுக் கணக்கில் எண்களை வலமிருந்து இடமாக எழுதினார்கள். 1224 என்றால் கி.பி. 1796-ஐ ஒட்டிய ஆண்டு. வழக்கமான திசையில் வழக்கமான ஹிஜ்ரி ஆண்டைப் பொறித்து 'திப்புவின் கடைசி ஆண்டுகளில் செய்தது' என்று விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இதிலிருந்தே கிடைக்கும்.

பூம்பாறை இளைஞரின் தகட்டுக்கு வருகிறேன். எண்களின் பள்ளம் எல்லாவற்றிலும் ஒரே ஆழம், அடி தட்டை. பின்புறத்தில் நுண்துளைகள். அரிப்பு இருந்தது, ஆனால் சுட்டி நகரும் பாதையில் தேய்மானமே இல்லை. வத்தலக்குண்டில் ஒரு லேத் பட்டறையில் மரையை அளந்தார்கள், மெட்ரிக். ஆய்வாளர் முத்திரை எங்கும் இல்லை. இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. 1914-இல் மார்சேல் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையினருக்குப் புதுத் துப்பாக்கிகள் அங்கேயே வழங்கப்பட்டன; அவை அரசின் உடைமை, எண்ணிட்டு வழங்கி எண்ணிப் பெறுபவை. 1878-இன் ஆயுதச் சட்டத்தை இயற்றிய அரசு, ஊர் திரும்பும் சிப்பாயின் பெட்டியில் துப்பாக்கிப் பாகம் போவதை வேடிக்கை பார்த்திருக்காது. 'சிப்பாய் வீட்டிலிருந்து கிடைத்தது' என்ற வாசகமே பலவீனமானது.

பழைய துப்பாக்கிகளைச் சீரமைப்பவர்களுக்காக யாரோ நேர்மையாகவே செய்த நகலாக அது இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். நகல் என்ற சீட்டு எங்கோ ஒரு கைமாற்றத்தில் கழன்றுவிட்டது. இதைத்தான் ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை விளக்குகிறது: வாங்குபவரால் பிரித்தறிய முடியாத சந்தையில் நல்ல பொருள் வைத்திருப்பவர் விலகிக்கொள்வார், மட்டமானது தங்கிவிடும். முன்பணம் திரும்பவில்லை. வியாபாரி தொலைபேசியை எடுப்பதில்லை.

அந்த இளைஞரிடம் வீட்டிலிருந்த பதக்கத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் எண்ணும் தரமும் பெயரும் பிரிவும் பொறிக்கப்படும். இதிலும் இருந்தன, மதராஸ் சாப்பர் பிரிவு. உருப்பெருக்கியில் பார்த்தால் எழுத்தின் ஓரத்தில் தேய்ந்த வரம்பு தெரிந்தது. பெயரின் எழுத்துக்கூட்டல் தவறு. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். போலி செய்பவர் அந்தத் தவறைச் செய்யத் துணிய மாட்டார்.

சட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல் அதன் பாகங்களையும் உள்ளடக்கியது. பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழங்கால ஆயுதங்களுக்கும், மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கும் 45-ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் போல்ட்டையோ குழலையோ 'சிறு பாகம்' என்று வாதாடிப் பார்க்க யாருக்கும் நான் ஆலோசனை சொல்ல மாட்டேன். .303, .410 மஸ்கட் இரண்டும் தடைசெய்யப்பட்ட குழல் அளவுகள். நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-இன் தொல்பொருள் சட்டப்படி குற்றம். ஆகவே, போலி என்றால் பணம் போகும். அசல் என்றால் காவல் நிலையம் போக நேரலாம். பரணில் இத்தகைய பொருள் கிடைத்தால் துடைக்காமல், எண்ணெய் போடாமல், முதலில் படம் எடுத்து வழக்கறிஞர் ஒருவரைக் கேட்பதே முறை.

அரசிடம் கேட்க ஒன்று உண்டு. மாநிலக் காவல்துறைகள் .303 துப்பாக்கிகளையும் மஸ்கட்டுகளையும் கைவிட்டு வருகின்றன. பறிமுதலான நாட்டுத் துப்பாக்கிகளும் வழக்கு முடிந்தபின் அழிக்கப்படுகின்றன. அழிப்பதில் எனக்கு மறுப்பில்லை. உலைக்குப் போகும் முன் ஒவ்வொன்றின் முத்திரை, ஆண்டெண், பழுதுபார்த்த குறி ஆகியவற்றைப் படமெடுத்து ஓர் ஆவணமாகச் சென்னை அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கலாம். ஒரு துப்பாக்கிக்குப் பத்து நிமிடமும் ஒரு கைபேசியும் போதும். எந்த ஆண்டு ஈஷாப்பூர் எந்தப் பாகத்தை எந்த வடிவில் பொருத்தியது என்பதற்கு அசல்களின் வரிசை ஒன்று நம் கையில் இருக்கும். இப்போது அதற்கு நாம் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களின் நூல்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அவர்கள் பார்த்தது ஏற்றுமதியான துப்பாக்கிகளை மட்டுமே. இங்கேயே தங்கிவிட்ட மஸ்கட்டுகள் பற்றி அந்த நூல்களில் சில பக்கங்கள்கூடத் தேறுவதில்லை.